ஜான் கென்னடி சீனியர்: ஆட்டக்காரர், பயிற்சியாளர், ஆணையத் தலைவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜான் கென்னடி?

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில், அதாவது மெல்பர்ன் நகரம் பிள்ளைப் பிராயத்திலிருந்தே வெறிபிடித்துப் பார்க்கும் 'ஃபுட்டி'யில், ஹாதார்ன் அணிக்காக 1950 முதல் 1959 வரை ஆடியவர். பிறகு அதே அணியின் பயிற்சியாளராக 1961, 1971, 1976 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 1985 முதல் 1989 வரை நார்த் மெல்பர்ன் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1993 முதல் 1997 வரை நாடு முழுவதும் ஆட்டத்தை நடத்தும் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1928 டிசம்பர் 28 அன்று பிறந்தார். 2020 ஜூன் 25 அன்று 91 வயதில் காலமானார்.

பிழைப்புக்கு அவர் செய்தது ஆசிரியர் வேலை. இதைச் சேர்த்துப் படிக்காவிட்டால் அவர் வாழ்க்கையில் பாதி விளங்காது. ஏன் என்பது கீழே வரும்.

எந்த கென்னடி? பெயர் குழப்புகிறதே.

குழப்பத்தான் செய்யும். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை, மூவரும் ஹாதார்னுக்கு ஆடியவர்கள். 'சீனியர்' என்பவர்தான் இந்தப் பக்கத்தின் நாயகர். அவர் மகன் ஜான் கென்னடி ஜூனியர் 1979 முதல் 1991 வரை ஹாதார்னில் 241 ஆட்டம் ஆடி, 1983, 1986, 1988, 1989 என்று நான்கு கோப்பை வென்ற அணிகளில் இருந்தார். பேரன் ஜாஷ் கென்னடி ஹாதார்னில் தொடங்கி சிட்னிக்குப் போய் அங்கே அணித்தலைவரானார்.

ஜாஷ் கென்னடி என்ற பெயரிலேயே அதே காலத்தில் இன்னொருவரும் ஆடினார். அவர் வெஸ்ட் கோஸ்ட் அணியின் முன்கள ஆட்டக்காரர், கோல் குவிப்பவர். இந்தக் குடும்பத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தமிழில் எழுதும்போது இருவரையும் ஒருவராக்கி விடும் தவறு எளிதில் நேரும். அணியின் பெயரைச் சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு தெரிந்தால் இதைப் படிக்கலாம்?

நான்கு விஷயம் போதும்.

ஒன்று, மைதானம். கிரிக்கெட் ஆடும் அதே நீள்வட்ட மைதானங்கள்தான். பாக்சிங் டே டெஸ்ட் நடக்கிறதே, அந்த எம்.சி.ஜி.யில்தான் கென்னடியின் கிராண்ட் ஃபைனல்கள், அதாவது கோப்பையை முடிவு செய்யும் கடைசி ஆட்டங்கள், எல்லாம் நடந்தன. ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர். பந்து முட்டை வடிவம். காலால் உதைக்கலாம், கையில் வைத்துக் குத்தித் தள்ளலாம், எறியக் கூடாது.

இரண்டு, மதிப்பெண். நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அதை ஒட்டியுள்ள குட்டைக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. 13.16 (94) என்று எழுதியிருந்தால் 13 கோல், 16 பிஹைண்ட், மொத்தம் 94. அந்தப் புள்ளியைத் தசமப் புள்ளியாக வாசித்துவிடக் கூடாது.

மூன்று, நேரம். அவர் காலத்தில் நான்கு கால்பகுதி, ஒவ்வொன்றும் 25 நிமிடம். ஆட்டம் நின்ற நேரத்தையும் மேலே கூட்டுவார்கள்.

நான்காவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அன்று மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டே பேர். 19ஆம் ஆள், 20ஆம் ஆள் என்று பெயர். அவர்களில் ஒருவர் உள்ளே போனால் வெளியே வந்தவர் அன்றைக்குத் திரும்ப முடியாது. இன்றைக்குப் போல உள்ளே வெளியே என்று சுழலும் முறை 1978இல்தான் வந்தது, அதாவது கென்னடி ஹாதார்னை விட்டுப் போன பிறகு. ஆக, பயிற்சியாளர் பெஞ்சில் இருந்து செய்யக் கூடியது மிகக் குறைவு. களத்தில் இருக்கும் 18 பேரின் நுரையீரல்தான் அவர் கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டு.

அவர் சேர்ந்தபோது ஹாதார்ன் எப்படி இருந்தது?

கடைசி. சும்மா கடைசி இல்லை. அவரது முதல் சீசனான 1950இல் ஹாதார்ன் 18 ஆட்டம் ஆடி 18லும் தோற்றது.

1925இல் ஃபுட்ஸ்கிரே, நார்த் மெல்பர்ன் அணிகளோடு சேர்ந்து வி.எஃப்.எல். என்ற விக்டோரியக் கால்பந்து லீக்கில் நுழைந்த அணி அது. கால் நூற்றாண்டு ஆகியும், சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் இறுதிச் சுற்றை ஒருமுறைகூட எட்டவில்லை. 1940களின் தொடக்கம் வரை அதற்கு 'மேப்ளூம்ஸ்' என்று ஒரு பூவின் பெயர்தான் பட்டப்பெயர். எதிரணியைப் பயமுறுத்தாது என்று 1943இல் 'ஹாக்ஸ்', அதாவது பருந்துகள், என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர பட்டியலில் இடம் மாறவில்லை. 1950 தொடங்குமுன் அணித்தலைவர் யார் என்ற சண்டையில் ஆலெக் ஆல்பிஸ்டன், கால் ஆஸ்டன் என்ற இரு முக்கிய ஆட்டக்காரர்கள் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள்.

அந்த 18 தோல்வி ஆண்டில் ஹாதார்னின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் அறிமுக ஆட்டக்காரரான கென்னடி. 1951, 1952, 1954 ஆண்டுகளிலும் அவரே பெற்றார்.

ஆட்டக்காரராக அவர் என்ன செய்தார்? கோல் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கிறதே.

164 ஆட்டத்தில் 29 கோல். அவர் 'ரக்மேன்' என்பதை மறந்தால் இந்த எண் சிறியதாகத் தெரியும். அவர் காலத்தில் ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், பந்து முடங்கும்போதெல்லாம் நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்புவார். இரு அணிகளின் உயரமான ஆட்களும் எகிறி அதைத் தட்டித் தம் பக்கத்துச் சிறிய ஆட்டக்காரனிடம் சேர்க்க வேண்டும். அதுதான் ரக்மேனின் வேலை. பந்து போகுமிடமெல்லாம் ஓட வேண்டும், மோத வேண்டும், புகழ் மற்றவனுக்குப் போகும். கோலை வைத்து ரக்மேனை அளப்பது விக்கெட் கீப்பரை விக்கெட் எடுக்கவில்லை என்று குறை சொல்வது மாதிரி.

நான் பார்க்கச் சொல்லும் எண் 164. அன்று ஒரு சீசனுக்குச் சுமார் 18 ஆட்டம்தான். பத்து சீசனில் சராசரி 16க்கு மேல் என்றால், உடலை இடித்து ஆடும் ஒரு வேலையில் அவர் தவறவிட்டது மிகச் சொற்பம்.

1955 முதல் 1959 வரை அணித்தலைவர். 1957இல் ஜாக் ஹேல் பயிற்சியில் ஹாதார்ன் முதல்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. முதல் அரையிறுதியில் ஆலங்கட்டி மழைக்கு நடுவே கார்ல்டனை வென்று, அடுத்த ஆட்டத்தில் மெல்பர்ன் அணியிடம் தோற்றது.

'கென்னடியின் கமாண்டோக்கள்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1960இல் ஹேலுக்குப் பதில் கென்னடி பயிற்சியாளரானார். ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு வாரத்தில் சில மாலைகள் மட்டும் பயிற்சிக்கு வந்த காலம் அது. அவர் அந்த நேரத்தை உடல்வலுவுக்குத் திருப்பினார். மேடு பள்ளத்தில் ஓட்டம், தொடர்சுற்று உடற்பயிற்சி, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளும் பயிற்சி என்று ராணுவ முகாம் போல இருந்ததால் பத்திரிகைகளில் 'கமாண்டோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அணியில் இருந்த பிரெண்டன் எட்வர்ட்ஸ் உடற்பயிற்சியில் தேர்ந்தவர்; அதுவும் உதவியது.

இது வெறும் முரட்டுத்தனம் இல்லை, கணக்கு. மேலே சொன்ன 19, 20ஆம் ஆள் விதியை நினைவில் வையுங்கள். களைத்தவனை மாற்ற வழியில்லை. எதிரணியின் கால்கள் மூன்றாம் கால்பகுதிக்கு மேல் கனக்கும். அப்போது நம் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தால், திறமையில் இருக்கும் இடைவெளி தானாகக் குறையும். ஹாதார்னின் சொந்த மைதானமான கிளென்ஃபெரி ஓவலும் இதற்குத் தோதானது. ரயில் நிலையத்தை ஒட்டி, ஒடுங்கிக் கிடந்த மைதானம். 'சார்டைன் டப்பா' என்பார்கள். ஓடி ஒதுங்க இடமில்லாததால் ஆட்டம் எப்போதும் கூட்டத்துக்குள்தான் நடக்கும்.

அவருடைய பழைய மழைக்கோட்டும் கனத்த குரலும் அந்தக் காலப் படங்களில் நிலைத்துவிட்டன. வகுப்பறையின் கடைசி வரிசை வரை எட்டப் பழகிய குரல் அது.

1961 கிராண்ட் ஃபைனலில் என்ன நடந்தது?

ஹாதார்ன் 13.16 (94), ஃபுட்ஸ்கிரே 7.9 (51). பார்த்தவர்கள் 1,07,935 பேர். லீக்கில் சேர்ந்து 36 ஆண்டு கழித்து முதல் கோப்பை. எதிரே நின்றதும் 1925இல் கூடவே நுழைந்த அணி. அணித்தலைவர் கிரஹாம் ஆர்தர். களத்தில் சிறந்து ஆடியவர் என்று பெரும்பாலோர் சொல்வது எட்வர்ட்ஸை.

உடல்வலு எல்லா ஆண்டும் கை கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1962இல் அணி பட்டியலின் அடிப்பகுதிக்குச் சரிந்தது. 1963இல் மீண்டும் முதலிடம் பிடித்து கிராண்ட் ஃபைனலுக்குப் போய் ஜீலாங்கிடம் 8.12 (60)க்கு 15.19 (109) என்று தோற்றது.

அப்படியிருக்க 1963க்குப் பிறகு ஏன் விலகினார்?

பள்ளி வேலை. மேற்கு விக்டோரியாவில் உள்ள ஸ்டாவெல் என்ற ஊருக்குப் பணி மாற்றம் வந்தது. மெல்பர்னிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து வாரா வாரம் மாலைப் பயிற்சிக்கு வர முடியாது. கிராண்ட் ஃபைனல் வரை அணியைக் கொண்டுபோன பயிற்சியாளர் பணி மாற்ற உத்தரவுக்காகக் குழுவை விட்டுப் போவது இன்று விநோதமாகத் தோன்றலாம். அன்று பயிற்சியாளர் வேலை பகுதிநேரம். சோறு போட்டது பள்ளிக்கூடம்.

1964, 1965இல் ஆர்தரும், 1966இல் பீட்டர் ஓ'டானஹியூவும் அணியைப் பார்த்துக்கொண்டார்கள். 1967இல் கென்னடி திரும்பினார். ஆகவே, அவர் ஹாதார்ன் பயிற்சிக்காலத்தை '1960 முதல் 1976 வரை' என்று ஒரே கோடாக எழுதுவது தவறு. 1960–63 நான்கு சீசன், 1967–76 பத்து சீசன், மொத்தம் பதினான்கு.

இரண்டாம் முறை வந்தபோது என்ன மாறியிருந்தது?

ஆட்கள். வி.எஃப்.எல். 1960களின் பிற்பகுதியில் கிராமப்புறத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வோர் அணிக்கும் ஒன்றை ஒதுக்கியது. அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஆட்டக்காரன் அந்த அணிக்குத்தான். ஹாதார்னுக்குக் கிடைத்தது நகரின் தென்கிழக்கே மார்னிங்டன் தீபகற்பம் பக்கம். மெல்பர்னின் வளரும் புறநகர்கள் அந்தத் திசையில்தான் நீண்டன. செல்சியிலிருந்து லீ மேத்யூஸ், லாங்வாரியிலிருந்து பீட்டர் நைட்ஸ், பெர்விக்கிலிருந்து மைக்கேல் டக் என்று வந்தவர்களைப் பாருங்கள். ஒதுக்கீட்டில் எந்தப் பகுதி விழுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கென்னடியின் வெற்றியை முழுக்க அவர் குரலுக்கே எழுதிவைப்பவர்கள் இந்த அதிர்ஷ்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

தாஸ்மேனியாவிலிருந்து பீட்டர் ஹட்சன் 1967இல் வந்தார். இவரைக் கையாண்ட விதத்தில்தான் 'கமாண்டோ' பயிற்சியாளருக்குள் இருந்த தந்திரக்காரர் தெரிகிறார். வழக்கமாக முன்களத்தில் ஆறு பேர் நிற்பார்கள். கூடவே எதிரணித் தடுப்பாளர்கள் ஆறு பேர். கென்னடி தன் முன்கள ஆட்டக்காரர்களை மேலே மைதானத்தின் நடுப்பக்கம் இழுத்துக்கொண்டார். தடுப்பாளர்களும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. கோல் முன்னே ஹட்சனும் அவரைக் காவல் காக்கும் ஒருவரும் மட்டும் மிஞ்சுவார்கள். உயர எகிறிப் பிடிப்பதைவிட, பந்து எங்கே விழும் என்று ஒரு கணம் முன்னே தெரிந்து உடலைக் குறுக்கே வைத்துப் பிடிப்பதில் வல்லவர் ஹட்சன். திறந்த வெளியில் ஒற்றைக்கு ஒற்றை என்றால் அவரை நிறுத்த ஆளில்லை. 1971இல் 150 கோல் அடித்து, 1934இல் பாப் பிராட் வைத்த சாதனையைச் சமன் செய்தார்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் அடுத்த ஆண்டே தெரிந்தது. 1972 முதல் ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே 8 கோல் அடித்த ஹட்சனின் முழங்கால் போயிற்று. ஒரே ஆளை நம்பிக் கட்டிய முன்களம் அத்தோடு சரிந்தது. கோப்பை வென்ற அணி அந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்குக்கூடப் போகவில்லை.

1971 கிராண்ட் ஃபைனலை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

திட்டமிட்ட எதுவும் நடக்காமலே வென்ற ஆட்டம் என்பதால். செயின்ட் கில்டா ஹட்சனை முரட்டுத்தனமாகக் கவனித்தது. அடிபட்டுத் தடுமாறிய நிலையிலும் ஆடி அன்று 3 கோல் மட்டும் அடித்தார். இன்னும் ஒன்று விழுந்திருந்தால் தனிச் சாதனை. மூன்றாம் கால்பகுதி முடிவில் ஹாதார்ன் 20 புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசிப் பகுதியில் 7 கோல் அடித்தார்கள்; அதில் நான்கு பாப் கெடியுடையது. ஹாதார்ன் 12.10 (82), செயின்ட் கில்டா 11.9 (75). எம்.சி.ஜி.யில் அன்று 1,18,192 பேர். அணித்தலைவர் டேவிட் பார்க்கின், பிற்பாடு கென்னடிக்கு அடுத்து அதே அணியின் பயிற்சியாளரானவர்.

கடைசிப் பகுதியில் 7 கோல் என்பது பத்தாண்டுக்கு முன் தொடங்கிய அந்த ஓட்டப் பயிற்சியின் கணக்கில்தான் சேரும். ஹட்சன் கட்டுண்டபோது மற்றவர்களுக்குக் கால் இருந்தது.

'யோசிக்காதே, செய்' என்ற பேச்சு எந்த ஆட்டத்தில்? அதன்பின் வென்றார்களா?

1975 கிராண்ட் ஃபைனல், நார்த் மெல்பர்னுக்கு எதிராக, இடைவேளையில். வெல்லவில்லை. நார்த் 19.8 (122), ஹாதார்ன் 9.13 (67). 55 புள்ளித் தோல்வி. நார்த்துக்கு அதுதான் முதல் கோப்பை. எதிரே பயிற்சியாளர் ரான் பராசி.

உடைமாற்றும் அறையில் கென்னடி கத்தியது படமாகப் பதிவானதால் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. சாரம் இதுதான்: யோசித்துக்கொண்டு நிற்காதே, நடக்கும் என்று நம்பிக்கொண்டும் நிற்காதே, ஏதாவது செய். வெளியே வரும்போது 'நான் இதைச் செய்தேன், தோழனுக்கு வழிவிட இடித்தேன், நிற்காமல் ஆடினேன்' என்றாவது சொல்ல முடியட்டும்.

இதைச் சுவரொட்டி வாசகமாக்கி, யோசனையே வேண்டாம் என்று சொன்னவராக அவரைக் காட்டுவது சரியில்லை. பேசியவர் ஆசிரியர், ஹட்சனுக்காக முன்களத்தையே காலி செய்து யோசித்தவர். தயங்கித் தயங்கிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அணிக்கு அந்த இருபது நிமிட இடைவேளையில் சொன்ன மருந்து அது. பேச்சால் ஆட்டம் திரும்பியது என்று எழுதுபவர்களும் உண்டு. மதிப்பெண்ணைப் பார்த்தாலே போதும்.

பீட்டர் கிரிமின்ஸ் விவகாரம் என்ன?

கிரிமின்ஸ் ஹாதார்னின் அணித்தலைவர், சிறிய உருவம், மிகவும் விரும்பப்பட்டவர். விரைப்புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து 1975இல் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தார். கிராண்ட் ஃபைனலுக்குத் தேர்வுக் குழு அவரை எடுக்கவில்லை. மேலே பார்த்தபடி அணி தோற்றது. எடுத்திருக்க வேண்டும் என்று இன்றுவரை வாதாடுபவர்கள் உண்டு. இரண்டே மாற்று ஆட்கள் இருந்த காலத்தில், நோயிலிருந்து மீண்டு வரும் ஒருவரை 100 நிமிட மோதலுக்குள் இறக்குவது அணிக்கும் அவர் உடலுக்கும் என்ன ஆகும் என்பது குழுவின் முன் இருந்த கேள்வி. இதில் சுலபமான விடை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

1976இல் அதே இரண்டு அணிகள். அப்போது நோய் முற்றிவிட்டது. கிரிமின்ஸ் வீட்டிலிருந்து தந்தி அனுப்பினார். அது அணியின் முன் வாசிக்கப்பட்டது. ஹாதார்ன் 13.22 (100), நார்த் 10.10 (70). அன்றிரவு ஆட்டக்காரர்கள் கோப்பையை அவர் வீட்டுக்கே எடுத்துச் சென்றார்கள். செப்டம்பர் 25 சனிக்கிழமை ஆட்டம். 28ஆம் தேதி அவர் இறந்தார். ஹாதார்னின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பதக்கம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. 1950களில் கென்னடி நான்குமுறை பெற்ற அதே விருது.

அந்த வெற்றியோடு கென்னடி ஹாதார்ன் பயிற்சியை முடித்துக்கொண்டார். ஐந்து கிராண்ட் ஃபைனல், மூன்று வெற்றி, இரண்டு தோல்வி.

நார்த் மெல்பர்னில் ஐந்து ஆண்டு, அது தோல்விதானா?

கோப்பையை மட்டும் எண்ணினால் ஆமாம். 1985இல் முதல் ஆண்டே இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோய் கார்ல்டனை வென்றார், அடுத்து ஃபுட்ஸ்கிரேயிடம் தோற்றார். 1987இல் மறுபடி இறுதிச் சுற்று. மெல்பர்ன் அணி 118 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியது. 1989 முடிவில் விலகினார். வேய்ன் ஷிம்மல்புஷ் பொறுப்பேற்றார்.

ஆட்டம் அதற்குள் வேறாகியிருந்தது. 1986இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசை முறை, 1987இல் சம்பள உச்சவரம்பு, சுழற்சி மாற்று முறை என்று எல்லாம் வந்துவிட்டன. பணம் குறைந்த அணியில் 56 வயதில் ஏறிய பயிற்சியாளருக்கு இது ஏற்ற களம் இல்லை. ஆனாலும், 1988இல் ஜான் லாங்மைரும் 1989இல் வேய்ன் கேரியும் முதல் ஆட்டம் ஆடியது அவரிடம்தான். 1996இல் நார்த் கோப்பை வென்றபோது அணித்தலைவர் கேரி. லாங்மைர் பின்னாளில் சிட்னியின் பயிற்சியாளராகி, கென்னடியின் பேரனையே ஆட வைத்தார்.

அந்த ஐந்து ஆண்டும் மகன் ஹாதார்னில். ஆகவே அப்பாவும் மகனும் எதிரெதிர் முகாமில் நின்ற ஆட்டங்களும் உண்டு.

ஏ.எஃப்.எல். ஆணையத் தலைவர் என்றால் என்ன வேலை? பயிற்சியாளருக்கு அது எப்படிக் கிடைத்தது?

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய வி.எஃப்.எல்.ஐ அணிகளின் பிரதிநிதிகள்தான் நடத்தினார்கள். ஒவ்வொருவரும் தன் அணிக்கே கை தூக்குவார்கள். பொது நன்மை என்று எதுவும் நகராது. 1984 இறுதியில் ஆணையம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். 1990இல் லீக் ஏ.எஃப்.எல். ஆனது. 1992இல் டேவிட் கிராஃபர்ட் கொடுத்த அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது: அணிப் பிரதிநிதிகளின் வாரியத்தைக் கலைத்து, அதிகாரத்தை ஆணையத்திடம் கொடு, தலைவர் பதவியையும் அன்றாட நிர்வாகம் செய்யும் முதன்மைச் செயல் அலுவலர் பதவியையும் பிரி. இந்த மாற்றத்தோடு 1993இல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் கென்னடி. நிர்வாகத்தை முதலில் ராஸ் ஓக்லியும், 1996 முதல் வேய்ன் ஜாக்ஸனும் பார்த்தார்கள்.

தலைவர் சம்பளத்துக்கு உழைக்கும் மேலாளர் இல்லை. கூட்டத்தை நடத்துவது, பெரிய முடிவுகளை வழிநடத்துவது, அணிகள் நம்பக்கூடிய முகமாக நிற்பது, இதுதான் வேலை. அதிகாரத்தைப் பறிகொடுத்த அணிகளுக்கு, தம்மைப் போலக் களத்தில் புரண்ட ஒருவர் மேலே இருக்கிறார் என்பது ஆறுதல். இரண்டு அணிகளில் வேலை பார்த்தவர், யாருக்கும் ஆள் பிடிக்காதவர் என்ற பெயர் அங்கே செல்லுபடியாகும் காசு.

அவர் காலத்தில் நடந்த பெரிய முடிவுகள் எவை?

1995இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் இரண்டாம் அணியாக ஃப்ரீமான்டில் வந்து அணிகள் 16 ஆயின. போர்ட் அடிலெய்டுக்கு உரிமம் கொடுத்தாயிற்று, ஆனால் இடம் காலியாக வேண்டும். மெல்பர்னில் அணிகள் மிகுதி, பணம் குறைவு. இணையும் அணிகளுக்கு 60 லட்சம் டாலர் வரை ஊக்கத்தொகை என்று அறிவிக்கப்பட்டது.

இதன் விளைவு 1996இல் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெடித்தது. கடனில் மூழ்கிய ஃபிட்ஸ்ராய் நார்த் மெல்பர்னோடு இணையப் பேசிக்கொண்டிருந்தது. இணைந்த அணிக்கு நார்த் கேட்ட பெரிய ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்து மற்ற அணிகள் மிரண்டன. ஜூலை 4 அன்று பிரிஸ்பேனோடு இணைப்பது என்று முடிவாயிற்று. ஃபிட்ஸ்ராய் தன் கடைசி ஆட்டத்தை செப்டம்பர் 1 அன்று பெர்த்தில் ஆடியது. 1997இல் போர்ட் அடிலெய்ட் உள்ளே வந்தது. இன்னொரு பக்கம் ஹாதார்ன், மெல்பர்ன் அணியோடு சேர்ந்து 'மெல்பர்ன் ஹாக்ஸ்' ஆகப் பார்த்தது. செப்டம்பர் 16 அன்று இரு அணிகளின் உறுப்பினர்களும் வாக்களித்தார்கள். மெல்பர்ன் தரப்பு மயிரிழையில் ஒத்துக்கொண்டது. ஹாதார்ன் தரப்பு நிராகரித்தது.

கென்னடி பயிற்சி கொடுத்தவை இரண்டே அணிகள். அந்த இரண்டும் அதே ஆண்டில் இணைப்புப் பேச்சில். ஊக்கத்தொகையை அறிவித்த ஆணையத்துக்குத் தலைவர் அவர். ஹாதார்ன் கூட்டத்தில் எதிர்ப்புக்கு முன்னின்றவர் டான் ஸ்காட், 1976இல் கென்னடியின் அணித்தலைவர். இணைந்த அணிக்கான சீருடையை மேடையில் தூக்கிக் காட்டி, வெல்க்ரோவால் ஒட்டியிருந்த பருந்தைப் பிய்த்தெறிந்தார். அடியில் மிஞ்சியது மெல்பர்ன் அணியின் சீருடை மட்டும். 'ஏதாவது செய்' என்று கற்றுக்கொண்ட மாணவர் அதைச் செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இனவசைக்கு எதிரான விதியும் அவர் காலத்ததா?

ஆம். 1995இல், போர்வீரர் நினைவு நாளான ஆன்சாக் நாள் ஆட்டத்தில் எசெண்டனின் பழங்குடி ஆட்டக்காரர் மைக்கேல் லாங் எதிரணியிலிருந்து வந்த இனவசையை வெளிப்படையாக எதிர்த்தார். லீக் முதலில் சமாதானக் கூட்டம் நடத்தி, கைகொடுத்துப் படம் எடுத்து முடிக்கப் பார்த்தது, லாங் ஒப்பவில்லை. அதே ஆண்டு 30ஆம் விதி வந்தது. இன, மத வசைக்குப் புகார் எழுந்தால் முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது, தீராவிட்டால் தீர்ப்பாயம் என்பது அதன் நடைமுறை. இதன் பெருமை முதலில் லாங்குக்குத்தான். ஆணையம் பின்னால் வந்தது, ஆனால் வந்தது.

எந்தக் கௌரவங்கள் கிடைத்தன?

1996இல் ஆஸ்திரேலியக் கால்பந்துப் புகழ் மன்றம் தொடங்கியபோதே இடம். 2020 ஜூனில் அதன் உச்சநிலையான 'லெஜண்ட்' தகுதி. அறிவிப்பு வந்த அதே மாதத்தில் காலமானார். எல்லாக் காலத்துச் சிறந்தவர்களைக் கொண்டு கௌரவமாக அறிவித்த ஹாதார்ன் நூற்றாண்டு அணிக்குப் பயிற்சியாளர் அவரே. ஹாதார்னின் முந்தைய பயிற்சி இடமான வேவர்லி பார்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். டிங்லியில் ஹாதார்ன் கட்டிய புதிய வளாகத்துக்குக் கென்னடி சமூக மையம் என்று பெயர்.

பேரன் ஜாஷ் ஏன் ஹாதார்னில் நிலைக்கவில்லை?

2008, 2009இல் 13 ஆட்டம்தான் கிடைத்தது. அப்போதைய ஹாதார்ன் நடுக்களத்தில் இடம் இல்லை. சிட்னிக்குப் போனார், 277 ஆட்டம் ஆடினார். 2012 கிராண்ட் ஃபைனலில் சிட்னி 14.7 (91), எதிரணி 11.15 (81). அந்த எதிரணி ஹாதார்ன்.